காபூலின் பெரிய வீட்டுப் பிள்ளையும் வேலைக்காரர் வீட்டுப் பிள்ளையும்: நட்பு எங்கே அறுந்தது?

நீங்கள் கேட்டது இது. 1970களின் காபூலை வைத்து ஒரு நெடுங்கதை எழுதுகிறீர்கள். வசதியான பஷ்தூன் வீட்டுப் பிள்ளை ஒன்று, அதே வீட்டு வேலைக்காரரின் ஹஸாரா பிள்ளை ஒன்று. இந்த நட்பு நம்பும்படி இருக்குமா, போர் வந்து பிரித்ததாக முடிக்கலாமா என்பது கேள்வி. பையன்களா சிறுமிகளா என்றுகூட இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். நம்பும்படி இருக்குமா என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இருக்கும், அங்கே அது வெகு சாதாரணம். ஆனால் உங்களை நெருடுவது வேறொன்று என்று நினைக்கிறேன். சோறு போடுகிறவர் மகனுக்கும் அந்தச் சோற்றைத் தின்கிறவர் மகனுக்கும் நடுவில் இருந்ததை நட்பு என்று சொல்லலாமா, சொன்னால் அது எந்த இடத்தில் அறுந்தது? ஆப்கானிஸ்தானின் சமூக வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறவன் என்ற அளவில் என் கருத்து: அது நட்புதான். ஆனால் அதை அறுத்தது போர் இல்லை. ஏழு வயதில் ஒரு தடவை, பன்னிரண்டு வயதில் ஒரு தடவை, யாரும் சத்தம் போடாமலே அறுந்துவிட்டது. 1978க்குப் பிறகு வந்தவை மிச்சமிருந்த இழையைத்தான் எடுத்துக்கொண்டு போயின.

முதலில் அந்தப் பிள்ளை ஏன் அந்த வீட்டில் இருக்கிறான் என்பதற்குக் காரணம் வேண்டும். ஹஸாராக்கள் மத்திய மலைப்பகுதியான ஹஸாராஜாத்தின் மக்கள். பாரசீகத்தின் ஒரு வழக்கான ஹஸாராகி பேசுகிறவர்கள், பெரும்பாலோர் ஷியாக்கள். அமீர் அப்துர் ரஹ்மான் 1891 முதல் 1893 வரை நடத்திய போர் அவர்களை முறித்துப் போட்டது. அவர்கள் காஃபிர்கள் என்று ஃபத்வா வாங்கித்தான் அந்தப் போர் நடந்தது. பிடிபட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மேய்ச்சல் நிலங்கள் பஷ்தூன் நாடோடிகளான கூச்சிகளுக்குப் போயின. அடிமைமுறையை அமானுல்லாவின் 1923 அரசியல் சட்டம் ஒழித்தது. ஆனாலும் ஹஸாரா ஊர்களில் கோடையில் துணியும் தேயிலையும் கடனுக்கு விற்றுவிட்டுப் போகும் கூச்சிகள் மறு கோடையில் வட்டியோடு வந்து நிற்பார்கள். கடன் அடையாத இடத்தில் நிலம் கைமாறும். அப்படி நிலம் போனவர்கள் காபூலுக்கு வந்து மூட்டை தூக்கினார்கள், இரண்டு சக்கரக் கைவண்டி இழுத்தார்கள், குளிர்காலத்தில் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துத் தட்டைக் கூரைகளில் பனி தள்ளினார்கள். கூரைப் பனியை உடனே தள்ளாவிட்டால் மண் கூரை ஊறி ஒழுகும், சில சமயம் இடிந்தும் விழும். அதனால் அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. பனி தள்ள வந்த ஆள் அந்த வீட்டிலேயே நிரந்தர வேலைக்குத் தங்கிவிடுவதும் உண்டு. 1971–72ல் கடும் வறட்சி வந்து மத்திய மலைகளிலும் மேற்கிலும் பஞ்சமானது. உங்கள் கதைக் குடும்பம் அந்தக் குளிர்காலத்தில் வந்து சேர்ந்ததாக வைத்தால் காலம் சரியாகப் பொருந்தும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. காபூலில் வேலைக்காரர் எல்லாரும் ஹஸாராக்கள் இல்லை. ஹஸாராக்கள் எல்லாரும் ஏழைகளும் இல்லை. அந்தப் பத்தாண்டில் பேருந்து, லாரி வைத்திருந்த ஹஸாராக்களும் கடைக்காரர்களும் இருந்தார்கள். பழைய நகரத்துச் சிந்தாவுல் பகுதியின் கிஸில்பாஷ்கள் ஷியாக்கள்தான்; ஆனால் படித்தவர்கள், அரசு வேலையில் இருந்தவர்கள். காபூலின் பெரிய பஷ்தூன் குடும்பங்கள் பல வீட்டுக்குள் பஷ்தோ பேசவில்லை, பாரசீகத்தின் ஆப்கான் வடிவமான தரிதான் பேசின. அரச வம்சமான முகம்மத்ஸாய்களே அப்படித்தான். ஆகவே இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே மொழிச் சுவர் எழுப்பாதீர்கள். ஒரே மொழிதான், உச்சரிப்புதான் வேறு. அந்த உச்சரிப்பை வைத்துத் தெருவில் கேலி செய்வார்கள், சப்பை மூக்கைச் சொல்லியும் கேலி செய்வார்கள். எந்த இனம் எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த நாட்டில் இனவாரிக் கணக்கெடுப்பு ஒழுங்காக நடந்து முடிந்ததே இல்லை. புழக்கத்தில் இருக்கும் எண்களுக்குப் பின்னால் ஏதாவது ஒரு தரப்பு நிற்கும்.

தமிழில் எழுதுகிறவர்கள் எளிதாக விழும் குழி ஒன்று உண்டு. மேல், கீழ் என்றதும் நமக்குத் தனிக்குவளையும் புழக்கடை வழியும் நினைவுக்கு வந்துவிடும். அங்கே இருந்தது தீட்டுக் கணக்கு இல்லை. தரையில் விரிக்கும் தஸ்தர்கான் என்ற துணியில் ஒரே தட்டுச் சோற்றில் இரண்டு மூன்று பேர் கை வைப்பார்கள். குழந்தைகள் இனம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கப்படுவதில்லை. ஏற்றத்தாழ்வு தெரிவது தொடுவதில் அல்ல, உட்காரும் இடத்தில். அறையில் வாசலுக்கு எதிர்ப்புறம் மேலிடம், வாசலை ஒட்டியது கீழிடம். குளிர்காலத்துச் சந்தலியை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சதுர மேசைக்கு அடியில் கரிக் கணப்பு, மேலே ரஜாய் என்ற பெரிய பஞ்சுப் போர்வை, நாலு பக்கமும் மெத்தை. குடும்பம் முழுக்க ரஜாய்க்குள் கால் நீட்டி உட்காரும். வேலைக்காரர் பிள்ளையும் கால் நீட்டலாம், ஆனால் வாசல் பக்கத்து மெத்தையில். கணப்புக்குக் கரி போட, தேநீர் எடுத்துவர எழுந்து போகிறவன் அவன்தான், வாசலும் அவனுக்குத்தான் பக்கம். கரி முழுக்கக் கனன்று சாம்பல் பூத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். அரைகுறையாகப் பிடித்த கரியை வைத்தால் புகை தெரியாமலே ஆள் மயங்கிப் போவார். அந்தப் பக்குவம் எட்டு வயது ஹஸாரா பையனுக்குத் தெரியும், பெரிய வீட்டுப் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சாப்பாட்டுக்கு முன் ஆஃப்தாபா என்ற கூஜாவால் கையில் நீர் ஊற்றி, லகன் என்ற தாம்பாளத்தில் பிடிப்பார்கள். விருந்தாளிக்கு வீட்டின் இளைய மகனே ஊற்றுவது மரியாதை. எனவே இரண்டு பையன்களும் நீர் ஊற்றுவார்கள். ஆனால் ஒருவன் மற்றவன் கைக்கும் ஊற்றுவான், மற்றவன் இவன் கைக்கு ஊற்ற மாட்டான். கதைக்கு அந்த ஒரு காட்சி போதும்.

விளிக்கும் சொல்லும் இதே மாதிரிதான். தரியில் 'தூ', 'ஷொமா' என்று நம்முடைய நீ, நீங்கள் போலவே இரண்டு உண்டு. சிறு வயதில் இருவரும் 'தூ'. வளர வளர வேலைக்காரர் மகன் மட்டும் பெயரோடு 'ஜான்' சேர்ப்பான். 'ஜான்' என்பது அன்பும்தான், மரியாதையும்தான். அதனால் எப்போது அன்பு மரியாதையாக மாறியது என்பது யாருக்கும் உறைக்காது. திரும்ப வருவது வெறும் பெயர், அல்லது 'பச்சா', அதாவது பையா. பெரிய வீட்டுப் பிள்ளை ஹஸாரா தகப்பனை 'காக்கா' என்று, சித்தப்பா முறை வைத்துத்தான் கூப்பிடுவான். அது பொய் மரியாதை இல்லை. அதே வாயால் அவரைச் செருப்பு எடுத்துவரச் சொல்வதும் அவனுக்கு முரணாகப் படாது. தமிழில் இதை 'சின்ன எசமான்' என்று பெயர்த்தால் நம் பண்ணையார் கதையாகிவிடும். 'ஜான்' என்றே விட்டுவிடுங்கள்.

விளையாட்டு என்றால் எல்லாரும் பட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தவறில்லை. காபூல் பள்ளிகளுக்குக் குளிர்காலத்தில் மூன்று மாத விடுமுறை, பட்டச் சண்டையின் பருவமும் அதுதான். கண்ணாடித் தூளும் குழைத்த சோறும் சேர்த்துப் பூசிய நூல், நம் வடசென்னை மாஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் நீங்கள் புஜுலை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆட்டின் பின்னங்கால் மூட்டில் இருக்கும் சிறு எலும்பு அது. ஒரு ஆட்டுக்கு இரண்டுதான் கிடைக்கும். சுத்தம் செய்து சாயம் தோய்த்து எறிந்து விளையாடுவார்கள், எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் ஆட்டம். நம் தாயக்கட்டை மாதிரி நாலு பக்கம் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஆனால் சமையலறைக்குள் போக வேண்டும். யோசித்துப் பாருங்கள்: அந்த வீட்டிலேயே நல்ல புஜுல்கள் யாரிடம் சேரும்? அடுப்படியில் இருப்பவன் பையில்தான். பெரிய வீட்டுப் பையன் கெஞ்சி வாங்க வேண்டிய ஒரே சொத்து அது. இரண்டு பிள்ளைகளுக்கும் தராசு நேராக நிற்கிற இடங்கள் கதைக்கு அவசியம். இல்லாவிட்டால் அது நட்பாகத் தெரியாது, வெறும் விசுவாசமாகத் தெரியும். ஈத் பண்டிகையில் சாயம் பூசிய வேகவைத்த முட்டைகளை நுனிக்கு நுனி மோதுவார்கள், உடைந்த முட்டை ஜெயித்தவனுக்கு. அங்கேயும் அப்பாவின் சம்பளம் உதவாது.

முதல் பனி விழும் நாளில் 'பர்ஃபி' என்று ஒரு வழக்கம் உண்டு. பனி எங்கள் பங்கு, விருந்து உங்கள் பங்கு என்ற பொருளில் ஒரு சீட்டு எழுதி உறவினர், நண்பர் வீட்டுக்கு அனுப்புவார்கள். வாங்கிக்கொண்டவர் விருந்து வைக்க வேண்டும். கொண்டுவந்தவன் ஓடித் தப்புவதற்குள் பிடிபட்டால் விருந்துச் செலவு அனுப்பியவர் தலையில். சீட்டை எழுதுகிறவன் ஒரு பையன், தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இன்னொருவன். இருவரும் கூட்டாளிகள், இருவருக்கும் சிரிப்பு. ஆனால் யார் ஓடுவது என்று அவர்கள் ஒரு நாளும் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில்லை.

ஏழு வயதுக்கு வருகிறேன். பள்ளி ஆண்டு நவ்ரோஸ் என்ற புத்தாண்டு முடிந்து மார்ச் மாதக் கடைசியில் தொடங்கும். பெரிய வீட்டுப் பிள்ளை 1903ல் தொடங்கிய ஹபீபியா, பிரெஞ்சு உதவியில் நடந்த இஸ்திக்லால் போன்ற பள்ளிகளில் ஒன்றுக்குப் போவான். மற்றவன் ஒன்று போகவே மாட்டான், அல்லது பக்கத்து அரசுப் பள்ளியில் சில வகுப்புகள். தடுத்தவர் யாரும் இல்லை. கட்டணமும் காரணம் இல்லை. காலையில் ரொட்டிக் கடையில் வரிசை நிற்க, தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். போனாலும் மதப் பாடம் சுன்னிகளின் ஹனஃபி முறையில்தான் இருக்கும். அரசுச் சடங்குகள் ஹனஃபி முறைப்படி நடக்கும் என்று 1964 அரசியல் சட்டமே சொன்னது. ஷியா வீட்டுப் பிள்ளை கைகளைத் தொங்கவிட்டுத் தொழுவான், நெற்றி படும் இடத்தில் களிமண் வில்லை வைப்பான். வகுப்பில் கைகட்டித் தொழக் கற்றுக்கொண்டு, வீட்டில் வேறு மாதிரி தொழுவான். கூடவே வளர்ந்த நண்பன் இதை முதன்முதலில் பார்ப்பது ஒரு முஹர்ரம் மாதத்தில் இருக்கலாம். அதுவரை நவ்ரோஸ் அன்று ஊறவைத்த ஏழு உலர்பழங்களான ஹஃப்த் மேவாவை ஒரே கிண்ணத்தில் தின்ற பிள்ளைகள்தான். ஈரானிய வழக்கமான 'சீன்' எழுத்தில் தொடங்கும் ஏழு பொருள் மேசையைக் காபூல் வீட்டில் வைத்துவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு அது.

பன்னிரண்டு வயதில் நடப்பது வேறு வகை. அதுவரை வேலைக்காரர் மகன் வீட்டின் உட்பகுதிக்குள் தடையில்லாமல் போய்வருவான். மீசை அரும்பும் வயதில் பெண்கள் இருக்கும் பகுதி அவனுக்கு மூடப்படும். 1959ல் அரச குடும்பத்துப் பெண்களே முகத்திரை இல்லாமல் பொதுவில் தோன்றிய பிறகு மேல்தட்டு வீடுகளில் இது தளர்ந்தது உண்மை. ஆனாலும் முகத்திரை போன வீட்டிலும் வேலைக்காரப் பையன் கதவுக்கு வெளியே நின்றுதான் குரல் கொடுத்தான். இதற்கு ஒரே சட்டபூர்வமான விலக்கு பால் உறவு. ஹஸாரா தாய் அந்த வீட்டுக் குழந்தைக்குப் பால் கொடுத்திருந்தால் பிள்ளைகள் உடன்பிறப்புகள் ஆகிவிடுவார்கள். திருமணத் தடை உடன்பிறந்தவர்களுக்கு உள்ளது போலவே. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஹனஃபி சட்டப்படி ஒரு தடவை பால் குடித்தாலே போதும். அபூ ஹனீஃபா வகுத்த வயது வரம்பு 30 மாதம், அவருடைய மாணவர்கள் இருவர் சொன்னது 24 மாதம். ஷியாக்களின் ஜஃபரி சட்டத்தில் 24 மாதத்துக்குள், வேறு யார் பாலும் இடையில் வராமல், 15 முறை வயிறு நிறையக் குடித்திருக்க வேண்டும், அல்லது ஒரு பகலும் இரவும் அந்தப் பால் மட்டுமே குடித்திருக்க வேண்டும். ஆக, அவசரத்துக்கு ஒரு நாள் மதியம் மட்டும் பால் கொடுத்திருந்தால், எசமானர் வீட்டுச் சட்டப்படி அவர்கள் சகோதரர்கள், பால் கொடுத்தவள் வீட்டுச் சட்டப்படி இல்லை. இன்னொன்று: ஹஸாரா தாயிடம் குடித்தது எசமானர் மகன் மட்டும் என்றால், அவன்தான் அவள் பிள்ளைகளுக்குச் சகோதரன். அவள் மகன் அந்த வீட்டுப் பெண்களுக்குச் சகோதரன் ஆகிவிட மாட்டான். உள்ளே போகும் உரிமை அவனுக்குக் கிடைக்காது. பால் உறவை வைத்து எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம் இதுதான்.

சிறுமிகள் என்று முடிவு செய்தால் இந்தக் கதவு மூடாது. கணக்கு தலைகீழாகும். வேலைக்காரியின் மகள் உட்பகுதியிலேயே இருப்பாள், ஐந்தாங்கல் ஆடுவாள், தலை வாரிவிடுவாள். பெரிய வீட்டு மகள் 1921ல் பெண்களுக்காகத் தொடங்கிய மலாலாய் பள்ளிக்குப் போய் மாலையில் திரும்புவாள். பிரிவு கல்யாணத்தில் வரும். 1977 சிவில் சட்டம் பெண்ணின் திருமண வயதை 16 என்றும், தகப்பன் முன்வந்தால் 15 என்றும் வைத்தது. சட்டம் தெரிந்த வீடு ஒன்று, தெரியாத வீடு ஒன்று. என்னைக் கேட்டால் சிறுமிகளையே தேர்ந்தெடுப்பேன். பையன்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது.

இதுவரை சொன்னதில் சட்டம், ஆண்டு, வழக்கம் ஆகியவை உறுதியானவை. நட்பின் உள்ளே என்ன இருந்தது என்பது அப்படி இல்லை. காரணம் எளிது: இந்த நட்புகளைப் பற்றி எழுத்தில் இருப்பதில் பெரும்பங்கு பெரிய வீட்டுப் பிள்ளை வளர்ந்து, வெளிநாடு போய், ஏக்கத்தோடு எழுதியது. மற்றவன் எழுதப் படிக்கக் கற்கவில்லை, அல்லது கற்றபோது எழுத வேறு விஷயங்கள் இருந்தன. 'நாங்கள் அண்ணன் தம்பி மாதிரி' என்ற வாக்கியம் எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகிறது. பொய் என்று தள்ள வேண்டாம், பாதி சாட்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய சான்று உண்டு, அதுவும் கொடூரமானது. 1932ல் மன்னர் நாதிர் ஷா, குலாம் நபி சர்கி என்ற பஷ்தூன் பிரமுகரைக் கொல்ல வைத்தார். அந்தக் குடும்பத்தை அண்டி வளர்ந்த ஹஸாரா மாணவன் அப்துல் காலிக். 1933 நவம்பர் 8ஆம் தேதி அரண்மனையில் நடந்த பள்ளிப் பரிசளிப்பு விழாவில் அவன் நாதிர் ஷாவைச் சுட்டுக் கொன்றான். அரசு அவனை மட்டும் கொல்லவில்லை. உறவினர்களையும் வகுப்புத் தோழர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்துக் கொன்றது. அவனைத் தூண்டியது சர்கி வீட்டு உப்பா, அரசியலா என்று இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

சமமான நட்பு என்று ஒன்று வேண்டுமானால் அதை முற்றத்தில் தேடாதீர்கள், 1960களின் பல்கலைக்கழக விடுதியில் தேடுங்கள். இடதுசாரிக் குழுக்களில் ஹஸாராக்களும் பஷ்தூன்களும் தோளோடு தோள் நின்றார்கள். மாவோயிஸ்ட் இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான அக்ரம் யாரி, ஹஸாராக்களின் ஜாகோரி பகுதியிலிருந்து வந்தவர். 1981ல் பிரதமரான சுல்தான் அலி கெஷ்த்மந்தும் ஹஸாரா. எல்லைக்கு அப்பால், குவெட்டா ஹஸாரா ஒருவரான முகம்மது மூசா 1958 முதல் 1966 வரை பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைத் தளபதியாகவே இருந்தார். அதே ஆண்டுகளில் காபூலில் அவர் இனத்துப் பிள்ளை ராணுவத்தில் பெரிய அதிகாரியாவது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. உங்கள் ஹஸாரா பாத்திரத்தின் மாமன் யாராவது குவெட்டாவிலிருந்து வந்து இதைச் சொன்னால் அந்தப் பையன் மனதில் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

போர் அத்தியாயத்தில் ஆண்டுகளைக் கலக்காதீர்கள். 1978 ஏப்ரல் 27ல் கம்யூனிஸ்டுகள் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு கைதானவர்களில் பெரிய வீட்டுத் தகப்பன்களும் உண்டு. புதிய அரசு முதலில் குறிவைத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். 1979 ஜூனில் சிந்தாவுல் கிளர்ச்சியை அடக்கியபோது காபூல் தெருக்களில் ஹஸாரா ஆண்களை முகத்தைப் பார்த்தே பிடித்துக்கொண்டு போனார்கள். 1978–79ல் கொல்லப்பட்ட சுமார் 5,000 பேரின் பட்டியலை நெதர்லாந்து அதிகாரிகள் 2013ல் வெளியிட்டார்கள். 34 ஆண்டு காத்திருந்த குடும்பங்கள் அதில்தான் தகப்பன் பெயரைத் தேடின. இன வெறுப்பு துப்பாக்கி பிடித்துத் தெருவில் நின்றது அதற்குப் பின்னால், 1992–93ல். மேற்குக் காபூலில் ஹஸாராக்களின் வஹ்தத் கட்சியும், பஷ்தூன் தலைவர் சயாஃபின் இத்திஹாத் என்ற சுன்னி ஆயுதக் கட்சியும் மோதின. 1993 பிப்ரவரியில் அங்கே அஃப்ஷார் பகுதியில் ஹஸாராக்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. ஊரை விட்டுப் போகும் பாதைகளும் வேறு வேறு. ஒருவன் பெஷாவர், அங்கிருந்து ஹாம்பர்க் அல்லது கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட். மற்றவன் குவெட்டா, அல்லது ஈரானின் மஷ்ஹத். இந்தப் பாதைகள் பெரும்பாலும் குறுக்கே சந்திப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் இருவரும் தற்செயலாகக் கட்டிக்கொள்ளும் காட்சியை எழுத நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு நடைமுறை யோசனை. ஹஸாரா பிள்ளையின் ஊரை முதலில் முடிவு செய்யுங்கள். பெஹ்சூத் என்று வைத்தால் வசதி, காபூலுக்குக் கிட்டத்தில் உள்ள ஹஸாரா பகுதி அது. ஆனால் நடுவில் உனாய் கணவாய் இருக்கிறது, கடும் பனியில் வழி அடைபட்டுவிடும். ஊரில் யாராவது இறந்த செய்தி டிசம்பரில் கிளம்பினால் காபூலுக்கு வந்து சேர மார்ச் ஆகலாம். அந்த மூன்று மாதமும் பையன் பெரிய வீட்டுக் கூரையில் பனி தள்ளிக்கொண்டு, மாலையில் நண்பனோடு சந்தலியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பான். பள்ளி திறக்கும் வாரத்தில் செய்தி வரும். நண்பன் புதுப் பையோடு வாசலில் நிற்கும்போது வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.